காலியாக விட்ட கட்டம்

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். வாப்பாவுக்கு எழுதிக் கொடுத்த தாளில் இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டேன். எழுதும்போது அது தவறாகத் தோன்றவில்லை. தெரியாததை ஊகித்து எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் விட்டேன். முறையாகச் செய்கிறேன் என்ற நினைப்பு வேறு.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

பகலில் நான் ஒரு பல் லேபில் வேலை செய்கிறேன். மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்து, ஓரங்களைத் தேய்த்து, பல்செட் கட்டுகிறவரிடம் கொடுப்பது என் வேலை. சாயங்காலம் கையிலிருக்கும் வெள்ளையைக் கழுவிவிட்டு மாலை வகுப்புக்குப் போகிறேன். உலகச் சமயங்கள் பற்றிய ஓராண்டுப் படிப்பு. இந்த மாதப் பாடம் இஸ்லாம். "நாமதான் தொழுவுறோம், நோன்பு வைக்கிறோம். அதைப் போய் பெஞ்சுல உட்கார்ந்து படிக்கணுமா?" என்று உம்மா கேட்டாள். படிக்கப் படிக்க, தெரியும் என்று நினைத்திருந்ததெல்லாம் பழக்கம் மட்டும்தானோ என்று சந்தேகம் வருகிறது.

இதே மாதத்தில்தான் அக்காவின் விஷயமும் வெளியே வந்தது. அக்கா ஒரு மருத்துவமனையின் மருந்துக்கடையில் இருக்கிறாள். அங்கே லிஃப்ட் பழுதுபார்க்க வருகிறவரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறாள். நல்ல மனிதர், நல்ல வேலை. ஆனால் ஷியா. நாங்கள் சுன்னி. எங்கள் சொந்தத்தில் இதுவரை யாரும் அப்படிக் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை. எங்கள் முறைப்படி பெண்ணுக்கு 'வலி'யாக, அதாவது பொறுப்பாளராக, உட்கார்ந்து நிக்காஹ் செய்துகொடுக்க வேண்டியவர் வாப்பா. அவர் மனமுவந்து வரவில்லை என்றால் செய்துகொள்ளவே போவதில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். ஓடிப்போகிற ரகம் இல்லை அவள். காத்திருந்தே தேய்ந்து போகிற ரகம்.

வாப்பா சத்தம் போடவில்லை. நகரப் பேருந்து ஓட்டுகிறவர். பகல் முழுக்க ஹாரன் கேட்டுவிட்டு வந்து வீட்டிலும் கத்த அவருக்குத் தெம்பு இல்லை. போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "நீதான் அதைப் படிக்கிறியே, அவங்க எதை எதை நம்புறாங்க, நாம எதை எதை நம்புறோம்னு ஒரு தாள்ல எழுதிக் கொடு. டிப்போவுல வண்டிக்குக் காத்திருக்கறப்ப பார்த்துக்கறேன்" என்றார்.

நான் கட்டம் போட்டு எழுதினேன். சுன்னிகளின் ஈமானில், அதாவது நம்பிக்கையில், ஆறு விஷயம்: அல்லாஹ், மலக்குகள் என்ற வானவர்கள், வேதங்கள், தூதர்கள், மறுமை நாள், விதி. ஷியாக்களின் அடிப்படையில் ஐந்து: அல்லாஹ் ஒருவன், அவன் நீதியானவன், நபித்துவம், இமாமத், மறுமை. இடப்பக்கம் விஷயம், பக்கத்தில் இரண்டு பத்தி, உள்ள இடத்தில் டிக். மலக்குகளும் வேதங்களும் இருவருக்கும் பொது என்று பாடத்திலேயே இருந்ததால் டிக் போட்டேன். இமாமத் எங்களுக்கு இல்லை என்று நிச்சயமாகத் தெரியும், அந்தக் கட்டத்தில் கோடு போட்டேன். விதிக்கு நேரே ஷியாக்களின் கட்டத்தையும், நீதிக்கு நேரே எங்கள் கட்டத்தையும் காலியாக விட்டேன். பட்டியலில் இல்லையே.

இன்று வேலை முடிந்து வந்த வாப்பா, வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். வியர்வையில் ஓரம் நைந்திருந்தது.

"இங்க ஒண்ணும் எழுதலையே?"

"அவங்க பட்டியல்ல அது இல்ல வாப்பா."

"இல்லையா?"

"இல்ல."

"அப்ப அவங்களுக்கு விதி கிடையாது."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

"நல்லதும் கெட்டதும் அவன்கிட்டேருந்துதான் வருதுன்னு நம்பாத வீட்டுக்கு நான் எப்படிம்மா பொண்ணைக் கொடுக்கறது? நீதி கீதியெல்லாம் பிறகு. இது முடிஞ்சு போச்சு. தண்ணி ஆறிப்போச்சு, எடுத்துட்டுப் போ."

இமாமத்தைப் பற்றித்தான் கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அதை அவர் தொடவே இல்லை. ஏன் விதியைப் பிடித்துக்கொண்டார் என்பது பாத்திரத்தைக் கவிழ்க்கும்போதுதான் உறைத்தது. எனக்கும் அக்காவுக்கும் முன்னால் ஒரு அண்ணன் இருந்தான். காய்ச்சல் கண்டு ஒரே நாளில் போய்விட்டான். வாப்பா அன்று வண்டியில் இருந்தார். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அன்று பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர் தோளைப் பிடித்து, அது எழுதப்பட்டது என்று சொன்னாராம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வாப்பா மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார் என்று உம்மா சொல்லியிருக்கிறாள். நான் காலியாக விட்டது அந்தச் சொல் இருக்கிற கட்டம்.

அக்கா படுக்கையை உதறிக்கொண்டே சொன்னாள்: "நீ ரொம்ப நல்ல பிள்ளைடி. தப்பா ஒண்ணுமே எழுதமாட்டே. எழுதாமலேயே என் கல்யாணத்தை முடிச்சு வச்சுட்டே."

செப்டம்பர் 10, புதன்

லேபில் ஒரு அச்சைக் குமிழி விழ ஊற்றிவிட்டேன். முன்பல் ஒன்றில் ஓட்டை. செட் கட்டுகிறவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா இந்தப் பல்லு, எலிக்கா?" என்றார். திரும்ப ஊற்றினேன். மனம் அதில் இல்லை.

வகுப்பில் டீச்சரிடம் கேட்டேன். அவரும் பகலில் வேறு பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு வருகிறவர். நாற்காலியில் உட்கார்ந்தால் எழ முடியாதென்று மேசையில் சாய்ந்தபடிதான் பேசுவார்.

"ஷியாக்களுக்கு விதி உண்டா டீச்சர்?"

"உண்டு. யார் இல்லன்னது?"

"பட்டியல்ல இல்லையே."

"பட்டியல் போடுறவங்க நம்புறது எல்லாத்தையும் போடமாட்டாங்கம்மா. எதை அழுத்திச் சொல்லணுமோ அதைப் போடுவாங்க. எங்க வீட்டுக்குக் கூரை இருக்குன்னு யாராவது எழுதி வாசல்ல மாட்டுறாங்களா?"

பின் பெஞ்சுத் தபால்காரர், "எங்க வீட்டுல மாட்டலாம் டீச்சர். பார்த்தா தெரியாது" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டீச்சர் எனக்காகவே மறுபடி விளக்கினார். சுன்னிகளின் ஆறும் நபியிடம் ஈமான் என்றால் என்ன என்று கேட்கப்பட்டபோது அவர் சொன்ன பதிலாக அறிவிக்கப்படுவது. ஷியாக்களின் ஐந்தும் பிற்காலத்தில் அவர்களுடைய அறிஞர்கள் வகுத்த ஒழுங்கு. மனிதன் செய்வதையெல்லாம் இறைவனே கட்டாயப்படுத்திச் செய்ய வைக்கிறான் என்றால், பிறகு அவனைத் தண்டிப்பது நியாயமா என்ற வாதம் அந்தக் காலத்தில் பெரிதாக நடந்தது. அதனால் அவர்கள் நீதியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அதற்காக சுன்னிகளின் அல்லாஹ் நீதி இல்லாதவன் என்று ஆகாது. அவன் யாருக்கும் அணுவளவும் அநியாயம் செய்வதில்லை என்பது இருவருக்கும் வேதம். அதேபோல ஷியாக்களும் விதியை நம்புகிறார்கள். மனிதன் கட்டிப்போட்ட ஆடும் இல்லை, அவிழ்த்துவிட்ட ஆடும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் என்பார்கள்.

"உண்மையான வித்தியாசம் இமாமத்துலதான்" என்றார் டீச்சர். "நபிக்குப் பிறகு வழிநடத்துறவர் யாருங்கறதை மக்கள் கலந்து முடிவு பண்ணினாங்க, அது சரிதான்னு ஒரு பக்கம். இல்ல, அலியையும் அவர் வழியில வந்தவங்களையும் இறைவனே நியமிச்சான், அதை ஏத்துக்கறதும் நம்பிக்கையில சேர்ந்ததுன்னு இன்னொரு பக்கம். அதைப் பூசி மெழுக வேண்டாம். இருக்கறதை இருக்குன்னு எழுது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். வாப்பா தூங்கிவிட்டிருந்தார்.

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் அவர் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"வாப்பா, அந்தத் தாள்ல நான் எழுதினது சரியில்ல. அவங்களுக்கும் விதி உண்டு."

"முந்தாநாள் இல்லன்னே. இன்னிக்கு உண்டுங்கறே. நாளைக்கு என்ன சொல்லுவே?"

"டீச்சர்கிட்ட கேட்டேன்..."

"அக்கா அழுதாளா?"

"அழல. ஆனா நான் அதுக்காகத் திருத்தல வாப்பா."

அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. எனக்கே என்மேல் அத்தனை நம்பிக்கை இல்லை. அக்காவுக்காகத்தான் டீச்சரிடம் கேட்டேனோ? வேறு பதில் வந்திருந்தால் அதையும் இதே வேகத்தில் வந்து சொல்லியிருப்பேனா? தெரியவில்லை என்றுதான் எழுத முடிகிறது.

வாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "தாளெல்லாம் போதும். அந்த லிஃப்ட்டுக்காரனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லு. நான் ஒண்ணு கேக்கணும். அவன் வாயால சொல்லட்டும். அதுக்கு மேல எனக்கு முடியலம்மா."

செப்டம்பர் 12, வெள்ளி

இரண்டு நாளாக என்னோடு பேசாத அக்கா இன்று பேசினாள். வாப்பா என்ன கேட்கப் போகிறார் என்று உனக்குத் தெரியும், அதற்கு ஒரு நல்ல பதிலை எழுதிக் கொடு, லிஃப்ட்டுக்காரர் மனப்பாடம் செய்துகொண்டு வரட்டும் என்றாள். நானும் எழுத உட்கார்ந்தேன். எந்தப் பதில் வாப்பாவை மடக்கும் என்று யோசிக்கிறேன் என்பது நடுவில்தான் உறைத்தது. கிழித்துவிட்டேன்.

சாயங்காலம் அவரே அக்காவின் போனில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, மாமா என்ன கேப்பாருன்னு உனக்குத் தெரியுமாமே?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன்."

"சொல்லிடாத. பாடம் பண்ணிட்டு வந்தா என் மூஞ்சியில தெரிஞ்சு போகும். எனக்குப் பொய்யும் வராது, மனப்பாடமும் வராது."

அக்கா போனைப் பிடுங்கி, "அப்ப என்னதான் வரும் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"லிஃப்ட் வரும். கூப்பிட்டா கொஞ்சம் லேட்டா வரும்."

அக்கா சிரித்தாள். பல நாள் கழித்து.

செப்டம்பர் 14, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு வரவேண்டியவர் மூன்று மணிக்கு வந்தார். எங்கோ ஒரு கட்டடத்தில் நடுமாடியில் ஆள் மாட்டிக்கொண்டு, விடுமுறையிலும் கூப்பிட்டுவிட்டார்களாம். சட்டை மாற்றியிருந்தார், நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. வாப்பாவும் காலை ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தார். இரண்டு பேரும் சோர்ந்த முகத்தோடு ஒருவரையொருவர் பார்த்து ஸலாம் சொன்னார்கள். பெண் பார்க்கும் படலம் மாதிரியே இல்லை. ஷிஃப்ட் மாறும் இடத்தில் இரண்டு தொழிலாளிகள் சந்தித்துக்கொண்டதுபோல் இருந்தது.

"லுஹர் இன்னும் தொழல மாமா. ஒரு ஓரமா தொழுதுக்கட்டுமா?"

"நானும் தொழல. பாய் விரிக்கச் சொல்றேன்."

முன்னறை சின்னது. நாற்காலிகளை நகர்த்தி இரண்டு பாய் போட்டேன். வாப்பா வழக்கம்போல் கைகட்டி நின்றார். லிஃப்ட்டுக்காரர் கைகளைத் தொங்கவிட்டு நின்றார். பாயின் தலைமாட்டில் ஒரு சின்ன மண்வில்லையை வைத்து, சஜ்தாவில் நெற்றியை அதன்மேல் வைத்தார். வாப்பா முடித்து உட்கார்ந்த பிறகும் அவர் எழுந்து அடுத்த வேளைத் தொழுகையான அஸரையும் சேர்த்துத் தொழுதார். இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்த்துத்தான் தொழுதார்கள். அந்தச் சுவரில் கடிகாரமும் மின்சார மீட்டரும்தான் இருக்கின்றன.

உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அது என்ன தம்பி, கல்லா?"

"மண்ணுதான் மாமி. கர்பலா மண்ணு. நெத்தி மண்ணுல படணும்னு எங்க வழக்கம். மண்ணைத் தொழல, மண்ணுமேல தொழறோம்."

"நபியோட தோழர்கள், சஹாபாக்களையெல்லாம் திட்டுவீங்களாமே?"

அடுப்படியிலிருந்து அக்கா, "உம்மா!" என்று பல்லைக் கடித்தாள்.

"எங்க வீட்டுல யாரையும் திட்ட விடமாட்டாங்க மாமி. எங்க உம்மா என்னை மட்டும் திட்டும். சிலர் சிலரைப் பத்தி எங்களுக்கு வேற அபிப்பிராயம் உண்டு, அது இல்லன்னு நான் பொய் சொல்லல. ஆனா உங்க வீட்டுல உட்கார்ந்து உங்களுக்குப் பெரியவங்களா இருக்கறவங்களைக் குறைச்சுப் பேசமாட்டேன்."

வாப்பா தொண்டையைச் செருமினார். எல்லோரும் அடங்கினோம்.

"தம்பி, சுத்தி வளைக்கத் தெம்பு இல்ல. நேரா கேக்கறேன். எனக்கு ஒரு பையன் இருந்தான். அஞ்சு வயசு. காலையில காய்ச்சல். நான் லீவு போடாம வண்டிக்குப் போயிட்டேன். வந்து பார்த்தா இல்ல. அல்லா எழுதினதுன்னு ஹஜ்ரத் சொன்னாரு. இத்தனை வருஷம் அதை வச்சுத்தான் ஓட்டிட்டேன். உங்காளுங்க என்ன சொல்லுவாங்க? எழுதினது இல்லன்னா சொல்லுவாங்க?"

லிஃப்ட்டுக்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதினதுன்னுதான் சொல்லுவோம் மாமா. எங்க சின்னம்மா பிள்ளை போனப்பவும் அப்படித்தான் சொன்னாங்க. நாம அவனுக்கு உரியவங்க, அவன்கிட்டதான் திரும்பிப் போறோம். அதுல உங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இல்ல."

"சரி."

"கூட இன்னொண்ணு சொல்லுவோம். அவன் யாருக்கும் அநியாயம் பண்ணமாட்டான். நம்ம கையில இருந்ததைப் பத்தி மட்டும்தான் நம்மகிட்ட கேப்பான். கையில இல்லாததுக்குக் கேள்வி கிடையாது."

ஆறுதலாகச் சொன்ன சொல்தான் அது. ஆனால் வாப்பாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். கட்டிப்போட்ட ஆடு இல்லை என்று டீச்சர் சொன்னபோது எனக்குத் தோன்றாதது அப்போது தோன்றியது. மனிதனுக்குக் கொஞ்சம் கயிறு விட்டிருக்கிறது என்றால், அந்தக் கொஞ்சத்துக்கு அவன் பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஹஜ்ரத்தும் வெள்ளிக்கிழமை மேடையில் இதையேதான் சொல்வார். வாப்பா அந்த இடத்தை மட்டும் கேட்காமல் இருந்திருக்கிறார்.

"லீவு போடறது என் கையிலதானே இருந்துச்சு?" என்றார்.

லிஃப்ட்டுக்காரர் தலையை நிமிர்த்தி, "அது எனக்குத் தெரியல மாமா. தெரிஞ்ச மாதிரி சொன்னா தப்பு" என்றார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வேறு ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள் நினைத்திருப்பாள். நானும் நினைத்தேன்.

அப்போது உம்மா பேசினாள். அடுப்படி நிலைப்படியில் கையைத் துடைத்துக்கொண்டே பேசினாள். ஏதோ சாமான் வாங்கச் சொல்வது போன்ற குரலில்.

"உங்க கையில எங்க இருந்துச்சு? நீங்க லீவு போடறேன்னுதான் சொன்னீங்க. வெறும் சூடுதான், நான் பார்த்துக்கறேன், போங்கன்னு தள்ளிவிட்டது நான். நீங்க அதை மறந்துட்டீங்க."

"நீ சொன்னியா?"

"சொன்னேன். அப்ப சூடு அவ்வளவு இல்ல. பத்து மணிக்கு மேலதான் ஏறுச்சு. டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன். அவரும் பார்த்தாரு. ஆகல. எல்லாரும் உங்க தோளைப் பிடிச்சு விதி விதின்னு சொன்னாங்க. என்கிட்ட ஒருத்தர் வந்து சொல்லல. எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

வாப்பா உம்மாவைப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியைக் கையால் தட்டி, "வந்து உட்காரு" என்றார். உம்மா விருந்தாளி முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வந்து உட்கார்ந்தாள்.

"அவன் போனது எழுதினது. போங்கன்னு நீ சொன்னது குத்தம் இல்ல" என்றார் வாப்பா. "அல்லா உன்னை அதுக்குக் கேக்கமாட்டான்."

"அப்ப உங்களை மட்டும் கேப்பானா?" என்றாள் உம்மா.

வாப்பா முகத்தைத் துண்டால் துடைத்தார், பஸ்ஸை நிறுத்தியதும் துடைப்பாரே, அப்படி. அக்கா தட்டுகளை எடுத்து வைக்கப் போனாள். லிஃப்ட்டுக்காரருக்குச் சோறு போட்டோம். ஆறியிருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு வந்தவரிடம் வாப்பா சொன்னார்: "தம்பி, இமாமத்து விஷயம் எனக்கு ஒத்துவராது. சாகிற வரைக்கும் ஒத்துவராது."

"எனக்குத் தெரியும் மாமா. அதைவிட்டு நானும் வரமுடியாது."

"வர வேணாம். நீயும் என் பொண்ணை இழுக்க வேணாம். அவ கைகட்டித் தொழுவா, நீ கையை விட்டுத் தொழு. பிள்ளைங்க பிறந்தா அப்ப உட்கார்ந்து சண்டை போடுவோம். அதுக்கு இப்ப எனக்குத் தெம்பு இல்ல."

"சரி மாமா."

"தெரியாததைத் தெரியலன்னு சொன்னே. அது போதும். நிக்காஹ்வுக்கு நான் வலியா உட்கார்றேன். உங்க வாப்பாவை வந்து என்னைப் பார்க்கச் சொல்லு. இல்ல, நானே வர்றேன். இந்த வாரம் எனக்கு வியாழக்கிழமை ஆஃப்."

அக்கா அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டாள். அழுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த வித்தை தெரியும். உம்மா, "தண்ணியை மூடுடி, தொட்டி காலியாயிடும்" என்று இங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

அவர் போன பிறகு வாப்பா உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய நாள். எல்லோருக்கும் அசதியாகத்தான் இருந்தது. நான் இதில் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு தவறு செய்தேன். அதைத் திருத்தியதை யாரும் கேட்கவில்லை. அந்தத் தவறு இல்லாவிட்டால் வாப்பா இதைக் கேட்டிருப்பாரா, உம்மா சொல்லியிருப்பாளா என்று ஒரு நினைப்பு வருகிறது. அப்படி நினைத்தால் என் தவறுக்கு நானே பெருமை தேடுவதாகும். விடுகிறேன்.

நாளைய வேலை: மதிய இடைவேளையில் பள்ளிவாசல் அலுவலகத்துக்குப் போய், மாப்பிள்ளை ஷியா என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, நிக்காஹ் பதிவுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டு வர வேண்டும்.